யாருடைய கைக்கு அளவெடுத்தார்கள்?

“இதைக் கொஞ்சம் அளந்து சொல்லுங்களேன்” என்று அந்த அம்மையார் தன் வலக்கையை என் மேசைமேல் மல்லாக்க வைத்தார்.

அறுபதைக் கடந்தவர். விரல் மூட்டுகள் வீங்கியிருந்தன. உள்ளங்கையில் பழைய தழும்பு ஒன்று. அயோவா மாநிலத்தின் ஒரு சிற்றூரில் துப்பாக்கியும் தூண்டிலும் விற்கும் கடை வைத்திருக்கிறாராம். கணவர் போன பிறகு கடையை மூடிவிடுவார் என்று ஊரே காத்திருந்ததாம்; அவர் மூடவில்லை. அந்தத் துப்பாக்கிக் கண்காட்சியில் எங்கள் ஸ்டாலிலோ பேருக்குக்கூட ஒரு துப்பாக்கி கிடையாது. துப்பாக்கி செய்கிறவர்களுக்கு வேண்டிய அளவுக் கருவிகளை விற்கிறவர்கள் நாங்கள். குழலின் உள்விட்டம் பார்க்கும் கேஜ், தோட்டா உட்காரும் அறையின் ஆழம் பார்க்கும் கேஜ், இப்படி. மனிதக் கையை அளக்கச் சொல்லி அதுவரை எவரும் வந்ததில்லை.

“அந்தப் பக்கம் ஒரு பையன் கைத்துப்பாக்கி ஒன்றைக் காட்டி, பெண்களின் கைக்கென்றே செய்தது என்கிறான். எந்தப் பெண், அவள் கை எத்தனை அங்குலம் என்று கேட்டேன். விளம்பரத் தாளைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டான்.”

நீளத்தை நுட்பமாக அளக்கும் டிஜிட்டல் காலிப்பரை எடுத்தேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிரியும் கவட்டிலிருந்து, சுடும்போது அழுத்தும் விசையில் (டிரிகரில்) படிய வேண்டிய விரல் சதை வரைக்கும். வளைந்த சதையை நேர்க்கோட்டில் அளப்பது எங்கள் தொழிலில் பெரும் பாவம். அதையும் அவரிடம் சொல்லித்தான் அளந்தேன். அவர் பையிலிருந்து சிறு நோட்டை எடுத்து, எண்ணைப் பென்சிலால் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டார். “இனி அவனுடைய துப்பாக்கியை அளக்க வேண்டும்” என்று எழுந்து போனார்.

லாஸ் வேகாஸில் ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கும் ‘ஷாட் ஷோ’ என்ற துப்பாக்கி வணிகக் கண்காட்சி அது. 1979ல் செயின்ட் லூயிஸ் நகரில் தொடங்கி, ஊர் ஊராகச் சுற்றி, 2010லிருந்து வேகாஸிலேயே தங்கிவிட்டது. நடத்துவது என்.எஸ்.எஸ்.எஃப். எனப்படும் அமெரிக்கத் துப்பாக்கித் தொழில் கூட்டமைப்பு. வெனீஷியன் ஹோட்டலை ஒட்டிய கூடங்களில் 2,500க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் கடை விரிக்கின்றன; ஐம்பதாயிரத்துக்கு மேல் ஆட்கள் வருகிறார்கள். பொதுமக்களுக்கு அனுமதி இல்லை, தொழிலில் இருப்பவர்கள் மட்டும்தான். காட்சிக்கு வைக்கும் துப்பாக்கிகளில் சுடும் ஊசியைக் கழற்றிவிட வேண்டும். அதைச் சோதித்துப் பார்க்கத் தனியாக ஆட்கள் உண்டு. இத்தனை துப்பாக்கிகள் ஒரே கூரையின் கீழ் இருந்தும் ஒன்றுகூட வெடிக்காது என்பது எனக்கு ஆறுதல். ஆனால் நாள் முழுக்க விசைகளின் ‘டிக், டிக்’ சத்தம் காதில் விழுந்துகொண்டே இருக்கும். ஹோட்டல் அறைக்குத் திரும்பிப் படுத்த பிறகும் கேட்கும்.

நான் அங்கே போய்ச் சேர்ந்த கதையை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். பிறந்து வளர்ந்தது திருச்சியை அடுத்த நாவல்பட்டில், துப்பாக்கித் தொழிற்சாலைக் குடியிருப்பில். 1966ல் தொடங்கிய மத்திய அரசுத் தொழிற்சாலை அது. அப்பா அங்கே பிட்டராகச் சேர்ந்து, கேஜ் பிரிவில் ஓய்வு பெற்றவர். “கோ கேஜ் உள்ளே போக வேண்டும், நோ-கோ கேஜ் போகக் கூடாது, இரண்டும் சரியாக இருந்தால் அந்தக் குழலுக்கு விமோசனம்” என்று சோறு பிசைந்துகொண்டே சொல்வார். நான் எந்திரவியல் படித்தேன், அளவியலில் வேலை கிடைத்தது, கனெக்டிகட்டுக்கு வந்தேன். அமெரிக்காவின் பழைய துப்பாக்கிப் பள்ளத்தாக்கு இது. வடக்கே ஸ்பிரிங்ஃபீல்டில் ஸ்மித் அண்ட் வெஸன், நடுவில் ஹார்ட்ஃபோர்டில் கோல்ட், தெற்கே நியூ ஹேவனில் வின்செஸ்டர் என்று ஒரே ஆற்றங்கரைப் பக்கமாக வளர்ந்த தொழில். துப்பாக்கியை விட்டு ஓடி வந்ததாக நினைத்தவள், இன்னொரு நாவல்பட்டுச் சாலையில் வந்து இறங்கியிருக்கிறேன்.

நான் முதன்முறை ஷாட் ஷோவுக்குப் போனது 2018 ஜனவரியில். அதே வேகாஸில் இசை விழாக் கூட்டத்தின் மேல் ஒருவன் ஹோட்டல் ஜன்னலிலிருந்து சுட்டு மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. ஊரே அதைப் பற்றித்தான் பேசும் என்று நினைத்துப் போனேன். டாக்சி ஓட்டுநர் பேசினார். கூடத்துக்குள் எவரும் பேசவில்லை.

அந்த முதல் ஆண்டில் எனக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும். என்னோடு நின்றவன் கல்லூரி முடித்து எட்டு மாதமே ஆன இளைஞன். பெட்டி தூக்கவும் மின்கம்பி செருகவும் வந்தவன். வருகிறவர்கள் எல்லோரும் என் தோளுக்கு மேலாக அவனைப் பார்த்துத்தான் கேள்வி கேட்டார்கள். அவன் என்னைப் பார்ப்பான். நான் பதில் சொல்வேன். அவர்கள் அந்தப் பதிலை அவனிடம் திருப்பிச் சொல்லி, “சரிதானே?” என்பார்கள். பெரிய நிறுவனம் ஒன்றின் கொள்முதல் அதிகாரி என்னிடம் காபி எங்கே கிடைக்கும் என்று கேட்டார். மிட்டாய்க் கிண்ணத்துக்குக் காவலாக நிறுத்திய பெண் என்று நினைத்திருக்கலாம். அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. நாலைந்து கடை தள்ளி, இறுக்கமான உடையில் மூன்று பெண்கள் தாங்கள் துப்பாக்கி பிடித்த படங்களில் கையெழுத்துப் போட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் நீண்ட வரிசை நின்றது. கண்காட்சியில் பெண் என்றால் அதுதான் அவர்களுக்குப் பழக்கம்.

2021ல் பெருந்தொற்றால் கண்காட்சி நடக்கவில்லை. அடுத்த ஆண்டு திரும்பிப் போனபோது கூட்டத்தின் முகம் மாறியிருந்தது. கடை உரிமையாளராக, பயிற்சியாளராக, கொள்முதல் மேலாளராக, எந்திரப் பொறியாளராகப் பெண்கள் கண்ணில் பட்டார்கள். பெரும்பான்மை என்றெல்லாம் கதை விட மாட்டேன். இன்றைக்கும் கூடத்தின் நடுவில் நின்று சுற்றிப் பார்த்தால் தாடிகள்தாம். ஆனால் பெண்கள் கழிப்பறையில் வரிசை நின்றது! 2018ல் அதற்குள் நான் தனியாக நின்று தலை வாரியிருக்கிறேன். எனக்கு முன்னால் நின்றவர் டெக்ஸஸ்காரப் பயிற்சியாளர். “இந்த வரிசைக்காக இருபது வருஷம் காத்திருந்தேன்” என்று சிரித்தார்.

அந்த மாற்றம் திடீரென்று வந்துவிடவில்லை. டெக்ஸஸில் ஆஸ்டின் நகரத்தில் 2011ல் ஜூலியானா கிரவுடர் பெண்களுக்கென்றே ஒரு சுடுபயிற்சிக் கழகம் தொடங்கினார். அடுத்த ஆண்டே கேரி லைட்ஃபுட் தொடங்கிய இன்னொரு அமைப்பும் ஊர் ஊராகக் கிளை விட்டது. ஆண் பயிற்சியாளர் பின்னால் நின்று கையைப் பிடித்துக் காட்டும் சங்கடம் இல்லாமல், கேட்க வெட்கப்படும் கேள்வியையும் கேட்கலாம் என்பதுதான் இவற்றின் கவர்ச்சி. உடுப்புக்குள் எங்கே வைப்பது, கர்ப்ப காலத்தில் சுடலாமா, குழந்தை இருக்கும் வீட்டில் எங்கே பூட்டுவது? எந்தக் கடைப் பையனிடம் இதைப் போய்க் கேட்பது?

தொழில் தன் பங்குக்கு முதலில் செய்தது வண்ணம் அடித்ததுதான். பெண் வாங்குவாள் என்று தெரிந்ததும், ஆணுக்குச் செய்ததையே கொஞ்சம் சுருக்கி ரோஜா நிறம் பூசிவிட்டார்கள். நான் பார்த்த முதல் ஆண்டுகளில் எந்த வரிசையில் திரும்பினாலும் ஒரு ரோஜா நிறத் துப்பாக்கி பல்லிளித்துக்கொண்டு நிற்கும். ரோஜா நிறக் கைப்பிடி, ரோஜா நிற உறை, ரோஜா நிறக் காதடைப்பான். மஞ்சள் பூசிய முகத்தோடு மாப்பிள்ளை வீட்டாருக்காகக் காத்திருக்கும் பெண்ணைப் போல எனக்கு அவற்றைப் பார்க்கவே பாவமாக இருக்கும். எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு ஒருமுறை அப்படி ஒன்று சோதனைக்கு வந்தது. கறுப்பு நிறத்தில் வரும் அதன் அண்ணனோடு பக்கத்தில் வைத்துப் பதினான்கு இடங்களில் அளந்தேன். வித்தியாசம் மைக்ரானில் வந்தது. அதுவும் வண்ணப் பூச்சின் கனம்.

இந்தக் கதைக்கு வயது அதிகம். 1980களில் கைத்துப்பாக்கி விற்பனை மந்தமானபோது, தொழில் பெண்கள் பக்கம் திரும்பியது. 1989ல் ஸ்மித் அண்ட் வெஸன், தன் பழைய பெயர் ஒன்றையே தூசி தட்டி ‘லேடி ஸ்மித்’ என்ற சுழல்துப்பாக்கியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பெண்களுக்கான துப்பாக்கிப் பத்திரிகை ஒன்றும் அதே ஆண்டில் பிறந்தது. பெண்கள் கூட்டம் கூட்டமாகத் துப்பாக்கி வாங்குகிறார்கள் என்று செய்திகள் பறந்தன. பிற்பாடு ஆய்வாளர்கள் 1980 முதல் 1994 வரையிலான தேசியக் கருத்தாய்வுத் தரவுகளை உட்கார்ந்து பார்த்தபோது, துப்பாக்கி வைத்திருக்கும் பெண்களின் விகிதம் ஏறவே இல்லை என்று தெரிந்தது. வாங்க வைக்க வேண்டும் என்ற ஆசையை, வாங்கிவிட்டார்கள் என்ற செய்தியாக எழுதியிருக்கிறார்கள். அதனால்தான் ‘பெண்கள் அலை’ என்று யாராவது சொன்னால் என் கை தானாகவே காலிப்பரைத் தேடுகிறது.

இந்த முறை அலை பொய்யில்லை. ஹார்வர்ட், நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021ல் நடத்திய தேசியக் கணக்கெடுப்பின்படி, 2019 ஜனவரி முதல் 2021 ஏப்ரல் வரை புதிதாகத் துப்பாக்கி உரிமையாளர் ஆனவர்கள் சுமார் 75 லட்சம் பேர். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் பெண்கள். ஐந்தில் ஒருவர் கறுப்பினத்தவர். 2023ல் பியூ ஆய்வு மையம் கேட்டபோது, தனக்கென்று துப்பாக்கி இருப்பதாகச் சொன்னவர்கள் ஆண்களில் 40 சதவீதம், பெண்களில் 25 சதவீதம். அயோவா அம்மையாரைக் கேட்டால் சதவீதம் வேண்டாம் என்பார். அவர் கணக்கே வேறு: “முன்பெல்லாம் பெண் ஒருத்தி கடைக்குள் வந்தால் கணவனின் பிறந்தநாளுக்கு வாங்க வந்திருப்பாள். இப்போது கணவன் வெளியே காரில் உட்கார்ந்திருக்கிறான்.”

சரி, வந்த பெண்ணுக்கு எதைக் கொடுத்தார்கள்? இங்கேதான் என் தொழில் மூளை கொதிக்கிறது.

கிரீன் கார்டு வந்த பிறகுதான் நான் துப்பாக்கியைச் சுட்டுப் பார்த்தேன். எச்-1பி விசாவில் இருக்கும் நம் பிள்ளைகள் கவனிக்கட்டும்: வேட்டை உரிமம் போன்ற விலக்கு ஏதும் இல்லாமல் துப்பாக்கியையோ தோட்டாவையோ கையில் வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். நண்பனோடு விளையாட்டாகச் சுடுகளத்துக்குப் போய்ப் படம் எடுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு வழக்கறிஞரைக் கேளுங்கள். என்னை அழைத்துப் போனது அலுவலகத் தோழி ஒருத்தி. பெண்களுக்கான மாலை வகுப்பு. பன்னிரண்டு பேர் இருந்தோம். செவிலியர்கள் இருவர், பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர் ஒருவர், தாயும் மகளுமாக ஒரு ஜோடி.

கடைக்காரர் முதலில் எனக்குக் கொடுத்தது உள்ளங்கைக்குள் அடங்கும் குட்டித் துப்பாக்கி. “சின்னக் கைக்குச் சின்னத் துப்பாக்கி” என்றார். மேல்பாகமான ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்தால்தான் தோட்டா அறைக்குள் ஏறும். இழுத்தேன், வரவில்லை. மறுபடி இழுத்தேன், கால்வாசி வந்து, விரலைக் கடித்துக்கொண்டு ஓடிவிட்டது. திருச்சித் தொழிற்சாலைக் குடியிருப்பின் மகள் தலைகுனிந்து நின்றேன். அப்போது பயிற்சி கொடுத்த பெண்மணி கிட்டே வந்து அதை என் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, முழு அளவுத் துப்பாக்கி ஒன்றைக் கொடுத்தார். “இடக்கையால் ஸ்லைடைப் பிடித்து நெஞ்சுக்குக் கிட்டே கொண்டு வாருங்கள். அதை இழுக்காதீர்கள். வலக்கையை முன்னால் தள்ளுங்கள்.” தள்ளினேன். வெண்ணெயில் கத்தி இறங்குவது போலத் திறந்துகொண்டது.

வீட்டுக்கு வந்து காகிதத்தில் படம் போட்டுப் பார்த்தபோதுதான் கோபம் வந்தது. அந்தக் குட்டித் துப்பாக்கியின் உள்ளே பூட்டு அமைப்பு எதுவும் இல்லை. தோட்டா வெடிக்கும்போது பின்புறம் திறந்துவிடாமல் தடுப்பவை ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கின் விறைப்பும் மட்டுமே. ஸ்லைடு சிறியதாகிவிட்டால் அந்தக் குறையை ஸ்பிரிங் ஈடுகட்ட வேண்டும். ஆகவே அது இன்னும் விறைப்பாக இருக்கும். எடை குறைந்த துப்பாக்கி கையை இன்னும் பலமாக உதைக்கும். ஆக, ‘பெண்ணுக்கு ஏற்றது’ என்று கவுன்டரில் எடுத்துக் கொடுத்தது, திறக்கக் கடினமானது, உதைப்பும் அதிகம், குறி பார்க்கும் கம்பியும் குட்டை. பழகிய ஆளுக்கே பாடான ஒன்றைப் புதிதாக வருகிறவளின் கையில் திணித்துவிட்டு, அவள் திணறினால் “கையில் பலம் இல்லை” என்பார்கள். எத்தனை பெண்கள் அதை நம்பி வீட்டுக்குத் திரும்பியிருப்பார்கள்!

திருத்தியவர்கள் இல்லாமல் இல்லை. 2018ல் ஸ்மித் அண்ட் வெஸன் கொண்டுவந்த ‘ஷீல்ட் ஈஸி’ துப்பாக்கியில் உட்புறம் சுத்தியல் வைத்து, ஸ்பிரிங்கின் விறைப்பைக் குறைத்தார்கள். அதைப் பெண்கள் வாங்கினார்கள். வாதம் பிடித்த விரல்களோடு வந்த கிழவர்களும் சத்தமில்லாமல் வாங்கினார்கள். 2022ல் வால்தர் நிறுவனம் ‘பி.டி.பி. எஃப்’ என்ற வரிசையை வெளியிட்டது. கைப்பிடியின் சுற்றளவு, கவட்டிலிருந்து விசைக்கு உள்ள தூரம், ஸ்லைடை நகர்த்தத் தேவையான பலம் ஆகிய மூன்றையும் பெண்களின் கையை வைத்து மாற்றியிருந்தார்கள். ஒலிம்பிக்கில் சுட்டவரான கேபி ஃபிராங்கோ போன்ற பெண்களின் கருத்தும் அதில் இருந்தது. கறுப்பு நிறத்தில்தான் வந்தது. என் கண்ணுக்கு அதுவே பெரிய அறிவிப்பாகப் பட்டது.

நீள்துப்பாக்கியில் விஷயம் இன்னும் நுட்பமானது. தோளில் சாய்க்கும் பின்கட்டையின் நீளம் மட்டும் குறைந்தால் போதாது. பல பெண்களுக்குக் கழுத்து நீளம். கன்னம் படிய கட்டையின் மேல்விளிம்பு உயர வேண்டும். அடிநுனி மார்பில் குத்தாமல் இருக்கக் கட்டையின் பின்முகம் சாய வேண்டும். ஆணுக்கான கட்டையை வெறுமனே இரண்டு அங்குலம் அறுத்துக் கொடுத்தால் அது சிறுவனுக்கான துப்பாக்கி, பெண்ணுக்கானது ஆகாது. வெதர்பி நிறுவனம் 2016ல் ‘கமிலா’ என்று நிறுவனரின் மனைவி பெயரில் ஒரு ரைபிள் கொண்டுவந்தபோது இந்தக் கோணங்களை எல்லாம் பார்த்துத்தான் கட்டையைச் செதுக்கியது. இத்தாலியச் சுடுகலன்கள் விற்கும் சீசர் குவெரீனியின் ‘சைரன்’ வரிசையும் அப்படித்தான்.

கண்காட்சியில் ஒரு கட்டைத் தச்சரிடம் ‘முயற்சித் துப்பாக்கி’ ஒன்றைப் பார்த்தேன். கட்டையின் நடுவே கீல்களும் திருகாணிகளும். வாடிக்கையாளரின் தோளில் வைத்து, நீளத்தையும் சாய்வையும் திருகித் திருகி அமைத்து, அந்த எண்களைக் குறித்துக்கொண்டு அசல் கட்டையைச் செதுக்குவாராம். எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது: அளவு ரவிக்கை! சாலைரோடு தையற்காரர் “அளவு ரவிக்கை கொண்டு வந்திருக்கிறீர்களா?” என்று கேட்காமல் அம்மாவிடம் துணியைக் கையில் வாங்க மாட்டார். ஒரு முழம் துணிக்குக் காட்டுகிற இந்த மரியாதையை, உயிர் போகிற ஒரு கருவிக்குக் காட்ட இந்தத் தொழிலுக்கு நூறாண்டுக்கு மேல் பிடித்திருக்கிறது.

பெண்கள் இந்தத் தொழிலுக்குப் புதியவர்கள் என்று கண்காட்சி மேடைகளில் பேசும்போது எனக்கு எரிச்சல் வரும். நான் வசிக்கும் ஹார்ட்ஃபோர்டிலேயே, நெடுஞ்சாலையில் போகும்போது, நீல நிற வெங்காயக் கும்மட்டம் ஒன்று தெரியும். அது பழைய கோல்ட் தொழிற்சாலை. சாமுவேல் கோல்ட் 1862ல் இறந்தார். இரண்டே ஆண்டில் தொழிற்சாலை எரிந்து போனது. அதைத் திரும்பக் கட்டியெழுப்பியது மனைவி எலிசபெத். 1901ல் விற்கும் வரை நிறுவனம் அவர் குடும்பத்தின் கையில்தான் இருந்தது. கணவனுக்கும் இறந்த பிள்ளைகளுக்கும் நினைவாக அவர் கட்டிய தேவாலயம் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடம். அதன் ஒரு வாசல் வளைவைச் சுற்றி, கல்லில் கொடியும் பூவும் இருக்க வேண்டிய இடத்தில், சுழல்துப்பாக்கியின் உறுப்புகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். ஊரிலிருந்து வந்த அப்பாவை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். அண்ணாந்து பார்த்து ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னார். பிறகு, “கோயில் தூணில் யாளிக்குப் பதிலாக விசையா?” என்று கேட்டுவிட்டுச் செருப்பைக் கழற்றிக்கொண்டு உள்ளே போனார்.

முதலாளியம்மாவின் கதை கல்லில் இருக்கிறது. கூலிப் பெண்களின் கதைக்குக் கொஞ்சம் தேட வேண்டும். பிட்ஸ்பர்க்கில் அலகெனி ஆயுதக்கிடங்கு என்று ஒன்று இருந்தது. உள்நாட்டுப் போரின்போது காகிதத் தோட்டா சுற்றும் வேலைக்குச் சிறுவர்கள் இருந்தார்கள். வெடிமருந்துக்கு நடுவே தீக்குச்சி வைத்துக்கொண்டு திரிகிறார்கள் என்று அவர்களை நீக்கிவிட்டுப் பெண்களைச் சேர்த்தார்கள். மெல்லிய விரல்கள், சொன்னபடி கேட்பார்கள், கூலியும் குறைவு. 1862 செப்டம்பர் 17 அன்று அது வெடித்தது. 78 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் இளம்பெண்கள், சிறுமிகள். தெருவில் சிந்திக் கிடந்த மருந்தின் மேல் வண்டிக் குதிரையின் லாடமோ சக்கரத்தின் இரும்போ பட்டுப் பொறி கிளம்பியிருக்கலாம் என்றார்கள். சிவகாசிப் பக்கம் உறவுள்ளவர்களுக்கு இதற்கு மேல் நான் ஒன்றும் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாம் உலகப் போரின்போது ஸ்பிரிங்ஃபீல்டு அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலையில் லேத்துக்கும் துளை எந்திரத்துக்கும் பெண்கள் வந்தார்கள். தொழிலாளர்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் அவர்கள்தாம். ஆண்கள் போர்முனையிலிருந்து திரும்பியதும் பெரும்பாலோர் வீட்டுக்குப் போனார்கள்.

மேடையில் நின்றவர்களும் உண்டு. ஒஹாயோக்காரி ஆனி ஓக்லி, 1885லிருந்து ‘பஃபலோ பில்’ என்பவரின் கேளிக்கைக் காட்சிக் குழுவில் சுட்டுப் பேர் வாங்கியவர். பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான பெண்களுக்குச் சுடக் கற்றுக்கொடுத்தார். அவர் 1898ல் அதிபர் மெக்கின்லிக்கு எழுதிய கடிதம் எனக்குப் பிடித்த ஒன்று. ஸ்பெயினோடு போர் வந்தால் ஐம்பது பெண் குறிசுடுநர்களைக் கொண்ட அணியைத் தருவதாகவும், ஆயுதமும் தோட்டாவும் தங்களுடையதே என்றும் எழுதினார். அரசாங்கத்துக்குப் பைசா செலவில்லை! அப்படியும் ஏற்றுக்கொள்ளவில்லை.

பெண்கள் இல்லாத இடம் கடைக் கவுன்டரின் இரண்டு பக்கமும்தான். விற்கிறவளாகவும் வாங்குகிறவளாகவும் இப்போதுதான் வந்திருக்கிறார்கள். வந்தவளை வரவேற்கும் மொழியைக் கேட்டால்தான் எனக்கு வயிறு கலங்குகிறது. கண்காட்சியில் பெண்ணுக்காக ஒட்டிய சுவரொட்டிகளில் இருட்டுக் கார் நிறுத்தம் இருக்கும், முகம் தெரியாத ஓர் ஆண் இருப்பான், சாவியைத் தேடும் ஒரு கை இருக்கும். ஆணுக்கு மலையும் மானும் காட்டி விற்கிறார்கள்; பெண்ணுக்குப் பயத்தைக் காட்டி விற்கிறார்கள். பயம் பொய் என்று நான் சொல்லவில்லை. வகுப்பில் என் பக்கத்தில் நின்ற செவிலியர், முன்னாள் கணவனுக்கு எதிரான நீதிமன்றத் தடை உத்தரவைக் கைப்பையில் மடித்து வைத்திருந்தார். தடை உத்தரவு கதவைத் தாழிடாது என்றார். அவரிடம் நான் என்ன வாதிட முடியும்?

ஆனால் அளவெடுக்கிறவள் எல்லாப் பக்கமும் அளக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட மக்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2020ல் வெளிவந்தது. கைத்துப்பாக்கி வைத்திருக்கும் பெண், துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்ளும் வாய்ப்பு, வைத்திராத பெண்ணைவிட 35 மடங்கு அதிகம். ஆண்களில் அது சுமார் 8 மடங்கு. கார் நிறுத்தத்தின் அந்நியனைக் காட்டும் சுவரொட்டி, படுக்கையறை மேசையின் இழுப்பறையைக் காட்டுவதில்லை. கண்காட்சியை நடத்தும் கூட்டமைப்பின் தலைமையகம் பல ஆண்டுகள் நியூடவுனில் இருந்தது. 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளியில் இருபது குழந்தைகளும் ஆறு பெரியவர்களும் இறந்தார்களே, அதே ஊர். அந்த ஆறு பேரும் பெண்கள். சுட்டவன் அன்று காலை வீட்டில் முதலில் கொன்றது தாயை. அவன் கையிலிருந்த துப்பாக்கிகளைச் சட்டப்படி வாங்கியவர் அந்தத் தாய்தான். கனெக்டிகட்டில் இருந்துகொண்டு ‘பெண் வாடிக்கையாளர்’ என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வந்துவிடுகிறது. எந்தக் கண்காட்சி மேடையிலும் அவரைப் பற்றி ஒரு சொல் கேட்டதில்லை.

நான் துப்பாக்கி வாங்கவில்லை. மாலை வகுப்பை ஆறு வாரமும் முடித்தேன். ஏழு கஜ தூரத்தில் காகித வட்டத்தின் நடுவில் ஐந்துக்கு மூன்று விழுந்தது. கடைசி நாளில் ஆளுக்கொரு கம்பிப் பூட்டு கொடுத்தார்கள். பிளாஸ்டிக் உறை போட்ட எஃகுக் கம்பி, முனையில் ஒரு பூட்டு. துப்பாக்கியின் மேல்திறப்பு வழியாக நுழைத்து, தோட்டா செருகும் பொந்து வழியாக வெளியே எடுத்துப் பூட்டிவிட்டால் தோட்டா ஏற்ற முடியாது. அதே கூட்டமைப்பு 1999 முதல் நான்கு கோடிக்கு மேல் பாதுகாப்புப் பொட்டலங்களாக இலவசமாகக் கொடுத்துவரும் பூட்டுதான். அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

அன்றிரவு அப்பாவிடம் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். விசைக்கும் கவட்டுக்கும் உள்ள தூரம், கட்டையின் சாய்வு, அயோவா அம்மையாரின் நோட்டு.

“எங்கள் ரைபிளுக்கு ஒரே அளவுதான்ம்மா. கையை அதற்குப் பழக்கிக்கொள்வது சிப்பாயின் வேலை. கை அளவைக் கேட்டு யாரும் எங்களுக்குக் கடிதம் போட்டதில்லை” என்றார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னால் தொலைக்காட்சிச் சத்தம். “வேலை முடிந்து வெளியே வரும்போது வாசலில் சோதனை போடுவார்களே, ஞாபகம் இருக்கிறதா? சாப்பாட்டுத் தூக்கைக்கூடத் திறந்து காட்ட வேண்டும். முப்பத்தி நாலு வருஷம் காட்டியிருக்கிறேன். அங்கே கடையிலிருந்து எடுத்துக்கொண்டு வெளியே போகிறபோது யார் பார்க்கிறார்கள்?”

“பூட்டு கொடுக்கிறார்கள் அப்பா.”

“சாவியை யார் வைத்துக்கொள்வது?”

பூட்டு இப்போது எங்கள் வராந்தாவில் மகளின் சைக்கிளில் தொங்குகிறது. இரண்டு சாவி கொடுத்தார்கள். ஒன்று அவள் பள்ளிப் பையில் இருக்கிறது. இன்னொன்றை அஞ்சறைப் பெட்டியில், வெந்தயக் கிண்ணத்துக்கு அடியில் வைத்திருக்கிறேன்.